தெருவே வைத்த தீ

"உங்களுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா? தெருவுல இருக்கிறவங்களை எல்லாம் இப்படியா அசிங்கப்படுத்துறது?"

போட்டோக்காரரின் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஸ்டூடியோவின் வெளிச்சுவர் முழுக்க ஆளுயரப் படங்கள். எல்லாம் ஒரே படம்தான். மழைக்கோட்டு போட்ட ஓர் ஆள் படிப்பகத்துக் கதவில் தீ வைக்கிறார். முகம்தான் வேறு வேறு. ஒன்றில் மளிகைக்கடைக்காரர், அடுத்ததில் பல் டாக்டர், அதற்கும் அடுத்ததில் டாக்டரின் மாமியார்.

"கண்காட்சிம்மா. நானும் ஒரு கலைஞன்தானே?" என்றார் அவர், கையில் ஒட்டிய பசையைத் துடைத்துக்கொண்டே.

படிப்பகத்தை இடித்துவிட்டுக் கார் நிறுத்த இடம் கட்டலாமா, கூடாதா என்று தெரு ஏற்கெனவே ரெண்டுபட்டுக் கிடக்கிறது. போன வாரம், ஸ்டூடியோவுக்கு எதிரே இருக்கும் அந்தப் படிப்பகத்தின் கதவு எரிந்தது. இடிக்கலாம் என்று சொல்லிவந்த பாட்டு டீச்சர் மழைக்கோட்டோடு தீ வைப்பதுபோல் மறுநாளே எல்லார் போனுக்கும் ஒரு படம் வந்தது. நெருப்பில்லாம புகையுமா என்றார்கள். பிள்ளைகள் பாட்டுக்கு வருவது நின்றது. மாசக் கடைசியில் காலி பண்ணிவிடச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர்.

"அந்தப் படம் பொய்னு சொல்லிட்டுப் போறதுதானே? எதுக்கு வம்பை விலைக்கு வாங்குறீங்க?"

"சொன்னேனே. நீயும் அவங்க ஆளு, பூசி மெழுகாதேன்னுட்டாங்க. இனிமே நான் எதைக் காட்டினாலும், போட்டோக்காரன்தானே, வெட்டி ஒட்டியிருப்பான்னுதான் சொல்வாங்க."

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. முதலில் சீறியவர் மளிகைக்கடைக்காரர்.

"யோவ், அன்னைக்கு நான் ஊர்லயே இல்லை. யார் உடம்புலயோ என் தலையை ஒட்டி வச்சிருக்கே."

"படம் இருக்கே அண்ணே. நெருப்பில்லாம புகையுமா?" என்றார் போட்டோக்காரர்.

கடைக்காரர் திரும்பவும் தன் படத்தை உற்றுப் பார்த்தார்.

டாக்டரின் மாமியார் தன் படத்தை ஏற இறங்கப் பார்த்தார். "முட்டி வலியில மாடிப்படியே ஏற முடியலை. நான் எங்கே போய் தீ வைக்கிறது? ஆனா கோட்டு எனக்கு எடுப்பாத்தான் இருக்கு."

முதலில் டாக்டர் சிரித்தார். அப்புறம் அத்தனை பேரும் சிரித்தார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போன ரெண்டு கட்சியும் ஒரே சுவர் முன்னால் முண்டியடித்துத் தங்கள் முகத்தைத் தேடின.

படிப்பகத்தின் செயலாளர் அப்போதுதான் வந்தார். டீச்சர் படத்தை வீடு வீடாகப் போய்க் காட்டியவர் அவர்தான். சுவரில் தன் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு வியர்த்துவிட்டது.

"சுத்த அக்கிரமம். தலையை மாத்தி ஒட்டியிருக்கான்."

"அப்போ டீச்சர் படம்?" என்று கேட்டார் மாமியார்.

கூட்டம் முழுக்கச் செயலாளரையே பார்த்தது.

"அதுவும்... அதுவும் இதே மாதிரிதான். தலை மாத்தினதுதான்."

வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே டீச்சர் வீட்டுப் பக்கம் நடந்தார். பாட்டு வகுப்பை நிறுத்தின ரெண்டு அம்மாக்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனார்கள். போட்டோக்காரரின் மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. திட்டின வாயாலேயே காபி வேணுமா என்று கேட்டாள்.

கூட்டம் கலைந்ததும் செயலாளர் மெல்லக் கடைக்குள் வந்தார்.

"என் படத்தை மட்டுமாவது எடுத்துடுப்பா. மாத்தி ஒட்டுறதுக்கு என் தலைதானா உனக்குக் கிடைச்சுது?"

போட்டோக்காரர் பசை வாளியை மூடி வைத்தார்.

"மத்தவங்க எல்லார் தலையையும்தான் சார் மாத்தினேன். உங்க படத்துல நான் கையே வைக்கலை. நம்ம கடை வாசல் கேமராவுல பதிவானதை அப்படியே ஒட்டியிருக்கேன்."