எட்டாம் நம்பர் கூண்டு

ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டுத்தான் அவள் அப்பாவின் வீடியோ அழைப்பை எடுத்தாள்.

வெளியே அப்படி ஒரு வெயில்.

அக்டோபரில் ஹாங்காங் இப்படித்தான். புழுக்கம் போய்விடும். வடக்கிலிருந்து உலர்ந்த காற்று வரும். எதிர்க்கரை மலைகள் கழுவி வைத்த மாதிரி தெரியும். ஊரே தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடும்.

இந்த மாதம் முழுக்க ஒரு சொட்டு மழை இல்லை.

ஒரே ஒரு புயலைத் தவிர.

அது அவள் சொன்ன புயல்.

மாதத் தொடக்கத்தில் பாளையங்கோட்டையில் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். அம்மா போன பிறகு அவர் தனியாகத்தான் இருக்கிறார். எதற்கும் அவளைக் கூப்பிட்டதில்லை. அந்த ஒரு தடவைதான் கேட்டார்.

"லீவு கெடைச்சா வந்துட்டுப் போயேன். சொட்டு மருந்து விட ஆள் வேணும்லா."

வருகிறேன் என்றாள். டிக்கெட்டும் எடுத்தாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அலுவலகத் தோழிகள் ஒரு படகை அமர்த்தினார்கள். தீவுக் கடற்கரை. கூடாரம். நீ இல்லாமல் எப்படி என்றார்கள். அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. கண்புரைதானே, இப்போதெல்லாம் அது ஒரு ஆபரேஷனா என்றும் தோன்றியது.

டிக்கெட்டை ரத்து செய்தாள்.

"பிளைட்டெல்லாம் கேன்சல்ப்பா. புயல். எட்டாம் நம்பர் கூண்டு ஏத்திட்டாங்க."



"சரிம்மா. நீ வெளிய போகாத" என்றார் அப்பா.

அவள் மணலில் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஆபரேஷன் நடந்தது. சாயங்காலம் சிக்னல் கிடைத்தபோது அவருடைய குரல் செய்தி வந்து கிடந்தது.

"நல்லபடியா முடிஞ்சுட்டும்மா. நீ கவலைப்படாத. ஜன்னலெல்லாம் சாத்தி வையி."

பக்கத்தில் யாருக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் கேட்டாள்.

ஒரு தடவை சொன்னால் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தாள். புயல் அப்படி விடவில்லை. காற்று குறைந்ததா என்று மறுநாள் அப்பா கேட்டார். ஒரு மரத்தைச் சாய்த்தாள். அடுத்த நாள் ரயிலை நிறுத்தினாள். அப்புறம்தான் மெல்லக் கரையைக் கடக்க வைத்தாள். வெயிலில் வெந்த தோள் உரிந்து ஆறும்வரை வீடியோவில் அவள் வரவே இல்லை.

இப்போது திரையில் அப்பாவின் நெற்றி. கறுப்புக் கண்ணாடி. அவருக்குப் பின்னால் பக்கத்து வீட்டு ஜெபமலர் அக்கா, கையில் மருந்துக் குப்பியோடு.

அக்கா போனை வாங்கித் தன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"சொகமா இருக்கியாம்மா? ஒங்க ஊர்ல பெரிய புயலாம்லா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அப்பாவின் குரல் வந்தது.

"லேசுப்பட்ட புயலா. மரமெல்லாம் வேரோட சாஞ்சுட்டு. ரயிலே ஓடல. இவ பாவம், ரூமுக்குள்ளயே அடைஞ்சு கெடந்தா."

எல்லாம் அவள் சொன்னவைதான். ஒன்று விடாமல் சொன்னார்.

"அண்ணாச்சிக்கு ஒரே நெனப்பு ஒன் மேலதான்" என்றாள் அக்கா. "காலைல எந்திரிச்சதும் போன்ல ஒங்க ஊரு மழை வெயிலப் பாத்துட்டுத்தான் காப்பியே குடிப்பாவ. நீ போன நாள்லேர்ந்து அப்படித்தான். ஆபரேஷன் அன்னைக்குங்கூட விடலியே. ஒரு கண்ணுல கட்டு. மத்த கண்ணால போன உத்து உத்துப் பாக்காவ. என்ன அண்ணாச்சி போட்டிருக்குன்னு கேட்டேன். பேய் மழைன்னாவ."

அவளுக்குக் காது சுட்டது.

அன்று அந்தப் போனில் மழை இருந்திருக்காது. முழு மஞ்சளாக ஒரு சூரியன் இருந்திருக்கும். அவ்வளவுதான்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் ஜன்னலைச் சாத்தி வைக்கச் சொன்னார். அதைப் பார்த்துவிட்டுத்தான் காற்று குறைந்ததா என்று கேட்டார். மகள் வரலியா என்று ஆஸ்பத்திரியில் கேட்டிருப்பார்கள். தெருவில் கேட்டிருப்பார்கள். ஒவ்வொருவரிடமும் அந்தப் புயலை அவர் சொல்லியிருப்பார்.

அக்கா மருந்தை விட்டுவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று போய்விட்டாள்.

அப்பா போனை மடியில் வைத்திருந்தார். அவருடைய தாடையும் உத்தரமும் தெரிந்தன. கண்ணிலிருந்து வழிந்த மருந்து கன்னத்தில் இறங்கியது. அவர் துடைக்கவில்லை.

"அப்பா."

"சொல்லும்மா."

கீழே தெருவில் குழந்தைகள் விளையாடும் சத்தம் இங்கே கேட்டது. அங்கே அவருக்கும் கேட்டிருக்கும்.

அவரே பேசினார்.

"அடுத்த கண்ணுக்கும் தேதி குடுத்துட்டாவம்மா. வார மாசம்."

"ம்."

மின்விசிறி சுற்றுகிற சத்தம்.

"அப்ப அங்க காத்து மழை ஒண்ணும் இருக்காதுல்லா?"

கேட்டுவிட்டு அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.