ஒரே ஸ்விட்ச்

முன்னறையிலிருந்து படுக்கையறை வரை, தன் வீட்டை ஆளில்லாமல் ஆறு படங்கள் எடுத்திருந்தாள். அவற்றை ஃபிலிமில் அச்சிட்டு, ஆறு பெட்டிகளில் பொருத்தி, ஒவ்வொன்றின் பின்னாலும் விளக்கு வைத்து, கண்காட்சிக் கூடத்தில் வரிசையாக மாட்டியாகிவிட்டது.

வீட்டில் அவளுக்கு விளக்கை அணைக்கும் பழக்கமே கிடையாது. கணவர்தான் பின்னாலேயே வந்து ஒவ்வொன்றாக அணைப்பார்.

"நீ என்ன கரண்ட் ஆபீசுக்கு வாக்கப்பட்டவளா?" என்பார்.

படுக்கையறை விளக்கு மட்டும் அவள் பொறுப்பு. "படுத்தாச்சா?" என்று கேட்டுவிட்டு அணைப்பாள். அவர் இறந்து இரண்டு வருடமாகிறது.

திறப்பு விழாவுக்கு முந்தைய மாலை, படங்களைச் சரிபார்த்தபடி நடந்தாள். சமையலறைப் படத்துக்கு வந்தபோது முதுகுப் பக்கம் வெளிச்சம் குறைந்தது. முன்னறைப் படம் அணைந்திருந்தது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டாள்.

"ஒண்ணு மட்டும் தனியா அணையாதுக்கா. ஆறுக்கும் சேர்த்து ஒரே ஸ்விட்ச்தான் போட்டிருக்கேன்" என்றான். அதை அணைத்து, மறுபடி போட்டுக் காட்டினான். ஆறும் எரிந்தன. பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினான்.

அவள் மறுபடி முதலிலிருந்து நடந்தாள். அவள் தாண்டத் தாண்ட, படங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் அணைந்துகொண்டே வந்தன. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, வேகமாகவும் நடக்கவில்லை.

கடைசியில் படுக்கையறைப் படம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அதில் கட்டில் காலியாக இருந்தது. பக்கத்துச் சுவரில்தான் அந்த ஸ்விட்ச்.

அதன்மேல் கை வைத்தாள். கொஞ்ச நேரம் பொறுத்தாள்.

"படுத்தாச்சா?" என்று கேட்டாள்.