கார்பன் சாட்சி

“‘இல்லை’ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா, போதும்” என்று கெஞ்சினான் பிரான்சிஸ்.

“மனசறிஞ்சு பொய் சொல்லச் சொல்றியேப்பா” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் வடமதுரை கோழிப்பண்ணை முதலாளி ராயப்பராஜ்.

பண்ணை மேனேஜரான பிரான்சிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோழி எருவின் வாயுவைக் காற்றில் விடாமல் தொட்டியில் பிடித்து எரித்தால், அதற்கு வெளிநாட்டுக் கம்பெனிகள் ‘கார்பன் காசு’ தருமாம். எட்டு மாதமாக ஃபைல் ஃபைலாக எழுதியிருக்கிறான். ஏற்கெனவே கட்டிய ஒரு தொட்டி போதவில்லை; அந்தக் காசில் இரண்டாவது தொட்டி கட்டாவிட்டால், நாற்றமும் ஈயும் தாங்காத ஊர்க்காரர்கள் பண்ணையையே மூட வைத்துவிடுவார்கள்.

ஆனால் உலக நாடுகளெல்லாம் ஜப்பானில் கியோட்டோவில் உட்கார்ந்து எழுதிய சட்டம் அப்படி. காசு வராவிட்டாலும் கட்டியிருப்பேன் என்பவனுக்குச் சல்லிக்காசு கிடையாது. வந்தால்தான் கட்டுவேன் என்று முறுக்கிக்கொள்கிறவனுக்குத்தான் காசு. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

மறுநாள் சென்னையிலிருந்து சரிபார்ப்பு அதிகாரி சுருளிவேல் வந்தார். வேலையாட்கள் அத்தனை பேருக்கும் பிரான்சிஸ் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தான். தொட்டியடியில் அந்தோணியார் சுரூபம் எதற்கு என்று அதிகாரி கேட்க, முதலாளியம்மா செவ்வாய்தோறும் மெழுகுவத்தி ஏற்றுவார் என்றான். அவர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார்.

கடைசியில் அந்தக் கேள்வி வந்தது. கார்பன் காசு கிடைக்காதென்றால் இந்தத் தொட்டியைக் கட்டியிருப்பாரா? ராயப்பராஜ் தரையைப் பார்த்தபடி, “இல்லை” என்றார். பிரான்சிஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. ராயப்பராஜின் மனைவி ஆரோக்கியம்மாள் இலை போட்டுக் குழம்பு ஊற்றினாள். அதிகாரி ருசித்துச் சாப்பிட்டபடியே பேச்சுவாக்கில், காசு வராதென்றால் உங்கள் வீட்டுக்காரர் தொட்டியே கட்டியிருக்க மாட்டாராமே என்றார்.

கரண்டி அப்படியே நின்றது. அவள் புருஷனை முறைத்தாள். அடுப்படியில் இருப்பவளுக்கு எதற்குப் பாடம் என்று விட்டது எத்தனை பெரிய மடத்தனம் என்று பிரான்சிஸுக்கு அப்போதுதான் உறைத்தது.

“ஈயால வந்த பேதியில கிடந்த பேரன் பொழைச்சா, வயக்காட்ட வித்தாவது தொட்டி கட்டுறேன்னு அந்தோணியாருக்கு நேந்துக்கிட்டதே அவருதானே தம்பி.”