மூன்று தசமம்
இந்த வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கும் என் நீர்ப் பரிசோதனை அறிக்கை மேல் நண்பகல் வெயில் விழுகிறது. கிணற்று நீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.483 மில்லிகிராம். எல்லை 1.5, தாண்டினால் வளரும் குழந்தைகளின் பல்லில் கறை ஏறும். என் பழைய மீட்டர் ஒரு தசமத்துக்கு மேல் காட்டாது, அதிலும் 0.1 முன்பின் இருக்கும். மிச்ச இலக்கங்கள், ஆறு முறை அளந்து சராசரி எடுத்தபோது கால்குலேட்டர் வகுத்துத் துப்பியவை, அப்படியே எழுதிவிட்டேன். அசல் அளவு 1.6 ஆகவும் இருக்கலாம். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். "மூணு தசமம் வரைக்கும் பாத்திருக்கீங்களேண்ணா, அதான் தைரியமா கேன் தண்ணிய நிறுத்திட்டோம்," என்று வீட்டுக்காரப் பெண் கிணற்றுத் தண்ணீர் டம்ளரை நீட்டுகிறாள். டம்ளரை வாங்கித் தண்ணீரைக் குடித்துவிடுகிறேன். அவள் டம்ளரைக் கழுவி, மறுபடி நிரப்பி, இடுப்பிலிருக்கும் குழந்தையின் வாயில் வைக்கிறாள். புதிதாய் முளைத்த இரண்டு பற்கள் விளிம்பில் டக்கென்று மோதுகின்றன.