முன்னால் நடப்பவர்

மருமகன் றெஜினோல்ட் என்னை வற்புறுத்தி கனடாவின் லவாலில் இருந்த துவக்குக் கடைக்கு அழைத்துப் போனார். முயலும் கவுதாரியும் சுட அவருக்குச் சிறிய துவக்கு ஒன்று வேண்டும்.

"இருபது கேஜ் எடும்," என்றேன். "பன்னிரண்டு கேஜ் பெரிய குழல், அதாலை சுட்டால் பறவை சிதறிப்போகும். நாலு-பத்து எண்ட சின்னக் குழல் கைதேர்ந்தவனுக்கு."

"மாமா ஒண்டும் மறக்கேல்லை."

அவர் கை ஓர் ஒற்றைக்குழலில் நின்றது. சுத்தியலைப் பின்னுக்கு இழுத்துச் சுடும் பழைய மாதிரி.

"அது வேண்டாம். சுத்தியலை இறக்க மறந்தால், தடுக்கினாலே வெடிக்கும்."

"அப்பாவுக்கு நடந்த மாதிரியோ?"

"ஓம்."

இருபத்தைந்து வருடங்களுக்கு முன், இலங்கையின் மடுக் காட்டில், றெஜினோல்டின் தகப்பன் மரியநாயகம் தடுக்கி விழுந்து தன் துவக்காலேயே செத்தார் என்பது ஊரறிந்த செய்தி. அன்று அவரோடு வேட்டைக்குப் போய், உடலைச் சுமந்து வந்தவன் நான். பிறகு தகப்பனில்லாத அவர் மகனுக்கே என் பெண்ணைக் கொடுத்தேன். எங்கள் குடும்பத்தின் பெருமையாக அதை இன்றும் கோவிலில் சொல்வார்கள்.

றெஜினோல்ட் அந்த ஒற்றைக்குழலையே வாங்கினார்.

"சனிக்கிழமை நீங்களும் வரவேணும், மாமா," என்றார், காரில் ஏறியதும்.

"நான் துவக்குத் தொடுறேல்லை."

"இதை நீங்கள்தான் பிடிக்கப்போறீங்கள். நான் முன்னுக்கு நடப்பன்."

நான் கார்க் கதவைச் சாத்தினேன்.

"காயம் முதுகிலை எண்டு, அப்பாவின்ரை உடலைக் குளிப்பாட்டின அம்மா என்ரை கலியாணத்துக்கு முதலே சொன்னவ," என்றார். "இந்த முறை சுத்தியலை இறக்கிப்போட்டு வாங்கோ."