பனியில் வைத்த பீப்பாய்

பக்கத்தில் வந்து உட்காருங்கள், சொல்கிறேன். ஸ்காட்லாந்து மலையில் கரடியும் நரியும் பார்லியை முளைகட்டி பீர் வடித்தன. திருவிழாவுக்கு யாருடைய பீர் என்று ருசி பார்த்துச் சொல்ல சுண்டெலி வந்தது.

நரியின் பீர் சுறுசுறுவென்று இறங்கியது. "பலே மாப்ளே!" என்றது எலி.

கரடி தன் பார்லிச் சாற்றை ஒரு பகல் முழுக்கப் பாகாகக் காய்ச்சிப் புளிக்கவைத்திருந்தது. ஆனால் ஜில்லென்று கொடுப்பதுதான் விருந்தாளிக்கு மரியாதை என்று பீப்பாயைப் பனியில் புதைத்துவைத்து எடுத்து வந்துவிட்டது. எலி ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டது.

"என்ன மாமா, ஓடைத் தண்ணியா?" என்று எலியைப் பார்த்து நரி சிரித்தது.

"செத்த நேரம் சும்மா இரு மாப்ளே, பல்லுதான் கூசுது" என்ற எலி, குவளையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு குந்தியது. குளிர் விட விட, கருப்பட்டிப் பாகு போல வாசம் கிளம்பிக் கரடியின் மூக்கையே எட்டியது.

எலி கடைசிச் சொட்டையும் குடித்து, குவளைக்குள் தலையை விட்டு நக்கிவிட்டு, இன்னும் ஊற்றச் சொல்லி அதைக் கரடியிடம் நீட்டியது.