அண்டா கவிழ்ந்த கடன்

“அந்தக் கட்டில்ல உக்காராதீங்க வாசு அண்ணே, கயிறு அறுந்துடும்!” என்று குணசுந்தரி கத்தி முடிப்பதற்குள், வட்டிக்கு விடும் வாசு அதில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டான். கட்டில் முனகியது.

வந்ததும் வராததுமாக சைக்கிளை வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு வந்து, கதவையும் அவனே சாத்தியிருந்தான். கொடுத்த கடனை வசூலிக்க வந்த இடத்தில் என்ன திமிர்!

“எங்க உங்கப்பன் சம்பங்கி?”

“செகண்ட் ஷிப்டு. சுரங்கத்துக் கேஜுல எறங்கி இந்நேரம் அடி லெவல்ல இருப்பாரு.”

“காத்தால வந்தா ஃபர்ஸ்ட் ஷிப்டுன்ற, ராவுல வந்தா நைட் ஷிப்டுன்ற. மனுசன் எப்பதான் மேல வருவான்?”

“உங்க வட்டி வுட்டாத்தான மேல வர்றதுக்கு?”

வாசு சிரித்துக்கொண்டே சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான். உள்ளே அவர்கள் வீட்டு ரேஷன் கார்டு, அடகாக. அது இல்லாமல் இந்த வாரம் அடுப்பில் அரிசி ஏறாது.

மைசூர் மைன்ஸ் தொழிலாளர் லைன் வீடுகளில் முதல் பி.ஏ. குணசுந்தரிதான். அந்தப் பெருமையில் சம்பங்கி லைனுக்கே பிரியாணி போட்டார். தம் போட்ட நேரம் பார்த்து பூமிக்கடியில் பாறை வெடித்தது. அந்த ஏர் பிளாஸ்டில் வீடெல்லாம் குலுங்கி, அண்டா சாக்கடையில் கவிழ்ந்தது.

வாழ்த்த வந்த ஒருவராவது எழுந்து போக வேண்டுமே! இலையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார்கள். இரண்டாவது அண்டாவுக்கு வாங்கியதுதான் வாசுவின் நூறு ரூபாய்.

“வாங்கினது நூறு. வட்டியே நூத்தி இருபது கட்டியாச்சு. இன்னும் நூறு அப்படியே நிக்குதுன்னா, இது இன்னா கணக்கு?”

“பி.ஏ. படிச்சவ நீ. நீயே போட்டுப் பாரேன்.”

“பாத்துட்டேன். இதுக்குப் பேரு கணக்கு இல்ல, கொள்ளை. கார்டக் குடுத்துட்டுக் கெளம்புங்க.”

“உங்கப்பன் மூஞ்சியப் பாக்காம இங்கருந்து நவுர மாட்டேன்.” வாசு காலை ஆட்டிக்கொண்டு இன்னும் அழுத்தமாக உட்கார்ந்தான்.

அப்போது கதவு படபடவென்று இடிபட்டது.

“டேய் வாசு! இந்த வீட்டுலதான பூந்த? எங்க மொதலாளிகிட்ட வாங்கின பணத்துக்கு நாலு மாசமா வட்டி எங்கடா?”

வாசுவின் ஆடிய கால் நின்றது. முகம் வெளுத்தது. குணசுந்தரியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

“நான் இல்லன்னு சொல்லும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்!”

சொல்லிக்கொண்டே, தரைவரை தொங்கிய கம்பளியை விலக்கிக் கட்டிலுக்கு அடியில் தலையை நுழைத்தான். பாதி உடம்புதான் உள்ளே போனது.

கட்டிலுக்கு அடியிலிருந்து சம்பங்கியின் குரல் மெதுவாக வந்தது:

“மொதல்ல ரேஷன் கார்டக் குடு வாசு. அப்பால நவுந்து படுக்கறேன்.”